பொய்யாகப் போட்ட மோதிரம்

நல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என்ர மகள் உயர்தரத்தில உயிரியல் படிக்கிறாள். ராவில போனில காதல் நாவல்தான். எல்லாம் ஒரே கதை. ரெண்டு பேர் கலியாணம் நிச்சயமான மாதிரி நடிப்பினம், கடைசியில உண்மையாவே கட்டுவினம். இல்லாட்டி பத்து வருசத்துக்கு முந்திப் பிரிஞ்சவை ஊருக்குத் திரும்பி வந்து சேருவினம். முடிவு முதல் பக்கத்திலயே தெரியுது. பிறகேன் விடிய விடிய வாசிக்கிறாள்?"

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். 2011இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளை முடிவைச் சொல்லிவிட்டே வாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசகரின் விருப்பம் குறையவில்லை, சற்றுக் கூடியது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதற்கு மாறாகவும் சொல்கின்றன. ஆனால் நல்லூரில் சூரன்போர் பார்க்க முண்டியடிக்கும் சனத்துக்குச் சூரன் தோற்பான் என்று தெரியாமலா இருக்கிறது? முடிவு தெரிந்தவர்கள் அது எப்படி வந்து சேருகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்த 'எப்படி'யில்தான் இந்த நாவல்களின் சூட்சுமம் இருக்கிறது.

நடிப்பு எப்படி உண்மையாகும்? இதற்கு உளவியலில் ஓர் அழகான சோதனை உண்டு. 1959இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களை வைத்துச் செய்தது. முதல் அரை மணி நேரம், ஒரு தட்டில் 12 நூற்கட்டைகளை ஒற்றைக் கையால் அடுக்க வேண்டும், எடுக்க வேண்டும், திரும்ப அடுக்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம், பலகையில் நிற்கும் 48 சதுர முளைகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். முடிந்ததும் மறுபடி முதல் முளையிலிருந்து. இவ்வளவு சலிப்பான வேலையைத் தேடிப்பிடிப்பதே ஒரு திறமை.

பிறகு பொய். "வெளியில் ஒரு பெண் காத்திருக்கிறாள், அவளிடம் இது சுவாரசியமான வேலை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார்கள். சிலருக்கு அதற்குக் கூலி 1 டொலர், சிலருக்கு 20 டொலர். மூன்றாவது குழுவைப் பொய் சொல்லவே கேட்கவில்லை. கடைசியில் எல்லோரிடமும் வேலை எப்படி இருந்தது என்று −5 முதல் +5 வரை புள்ளி கேட்டார்கள். பொய் சொல்லாதவர்கள் சராசரியாக −0.45 கொடுத்தார்கள். 20 டொலர் வாங்கியவர்கள் −0.05. 1 டொலர் வாங்கியவர்கள் +1.35.

நிறையக் காசு வாங்கியவனிடம் சாட்டு இருக்கிறது: காசுக்காகச் சொன்னேன். ஒரு டொலர்காரனிடம் அதுவும் இல்லை. வாய்விட்டுச் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மாறக்கூடியதாக மிஞ்சியிருப்பது மனம் ஒன்றுதான். அது சொல்லுக்கு ஏற்ப வளைந்து, "உண்மையில் அவ்வளவு மோசமில்லைத்தானே" என்கிறது.

1970இல் கூப்பரும் வொர்ச்செலும் இந்தப் பாதையில் இன்னோர் அடி வைத்தார்கள். கேட்பவர் பொய்யை நம்பினாரா இல்லையா என்பதை மாற்றிப் பார்த்தார்கள். சிறிய சன்மானத்துக்குப் பொய் சொல்லி, கேட்டவர் அதை நம்பியும்விட்டால்தான் சொன்னவரின் மனம் மாறியது.

இப்போது ஒரு நாவலை எடுங்கள். பருத்தித்துறை. ரொறன்ரோவிலிருந்து வந்த பேரன், படுக்கையில் கிடக்கும் அப்பம்மாவின் ஆறுதலுக்காகப் பக்கத்து ஒழுங்கை ரீச்சரை, "இவவைத்தான் கட்டப் போறன்" என்று கூட்டிக்கொண்டு வருகிறான். அப்பம்மா தன் மோதிரத்தைக் கழற்றுகிறா. பிள்ளையின் விரலுக்கு அது பெரிது. தலையணைக்குக் கீழிருந்து நூலை எடுத்து, மோதிரத்தின் அடிப்பக்கம் சுற்றோ சுற்றென்று சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, விரலில் போட்டுவிட்டு, "இப்ப கழறாது" என்கிறா.

சோதனைக்கூடத்தின் பாகங்கள் அத்தனையும் இங்கே இருக்கின்றன. கூலி ஒன்றுமில்லை, பொய்யை வாய்விட்டுச் சொல்லியாயிற்று, கேட்டவ முழுக்க நம்பிவிட்டா. அந்த நூல் சுற்றும் இடத்தில்தான் வாசிப்பவரின் நெஞ்சு இறுகும்.

ஏன் சின்ன ஊர்? ரொறன்ரோவில் நிச்சயம் குழம்பினால் நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்தால் முடிந்தது. ஊரில் அப்பம்மாவுக்குத் தெரிந்தது பின்னேரத்துக்குள் சந்திக் கடைக்குத் தெரியும், மறுநாள் படலைக்குப் படலை விசாரிப்பார்கள். ஒவ்வொரு விசாரிப்புக்கும் அந்தப் பொய்யைப் புதிதாகச் சொல்ல வேண்டும். ஊர் என்பது ஒரே பொய்யை நூறு முறை சொல்லவைக்கும் இயந்திரம். அகப்பட்டுவிடுவோமோ என்ற படபடப்பும் சேர்ந்துகொள்கிறது. 1974இல் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் டட்டனும் ஆரனும் காட்டியதுபோல, பயத்தில் அடிக்கும் நெஞ்சை மனிதர் ஈர்ப்பென்று எடுத்துக்கொள்வதுண்டு.

எழுதுபவர்கள் பிழைவிடுவதும் இதே பாகங்களில்தான். நாயகிக்கு 50 லட்சம் ரூபாய்க் கடன், நடித்தால் அடைபடும் என்று வைத்தால் அவள் 20 டொலர்காரி ஆகிவிடுகிறாள். சாட்டு கையில் இருக்க மனம் ஏன் மாற வேண்டும்? 200 பக்கம் கழித்து வரும் காதல் ஒட்டவைத்ததுபோல நிற்கும். மிரட்டிச் சம்மதிக்க வைக்கும் நாயகனும் அப்படித்தான். இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024இல் 39 ஆய்வுகூடங்கள் சேர்ந்து, தம் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதவைக்கும் சோதனையைத் திரும்பச் செய்தபோது, விருப்பத்தோடு எழுதியவர், கட்டளைக்கு எழுதியவர் இருவரின் மனமுமே நகர்ந்தது. சுதந்திரத்தின் பங்கு நினைத்த அளவுக்கு உறுதியாக வரவில்லை. எழுதுவதே நகர்த்துகிறது. அதை, சாட்டில்லாமல் சொன்ன சொல்லுக்கு ஏற்ப மனம் வளைகிறது என்ற இந்த ஒரு கோட்பாட்டால் மட்டும் விளக்கிவிட முடியுமா என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது.

பிரிந்தவர் சேரும் கதைக்கு வேறு விசை. கிலோவிச், மெட்வெக் இருவரும் 1994இல் காட்டியது: கிட்டடியில் செய்த செயலுக்காக வருந்துகிறோம், காலம் போகப் போகச் செய்யாமல் விட்டதற்காக வருந்துகிறோம். பேசாமல் விட்ட பேச்சு பத்து வருடத்தில் பெருக்கும். அதனால், இடையில் யாரோ கடிதத்தை ஒளித்ததால் பிரிந்தார்கள் என்று எழுதுவது வீண். தன் பிழை இல்லாத நாயகனுக்கு வருந்த என்ன இருக்கிறது? பஸ் நிலையம் வரை வந்தும் வாய் திறக்காமல் நின்றவன்தான் வேண்டும்.

சாதகப் பொருத்தத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர்ப் பேச்சுக்கால் கலியாணங்களில் சம்மதம் சொன்ன பிறகு பிள்ளைகள் மாதக்கணக்கில் தொலைபேசியில் கதைக்கிறார்கள். 1997இல் ஆர்தர் ஆரன், அறிமுகமில்லாதவர்களை 36 கேள்விகளை வைத்து 45 நிமிடம் மனம்விட்டுப் பேசவைத்தார். சும்மா பேசிய சோடிகளைவிட அவர்கள் கூடுதலாக நெருங்கினார்கள். அந்த நெருக்கம் பேச்சு உண்டாக்கியது. நாம் அதைப் பொருத்தத்தின் கணக்கில் எழுதுகிறோம். பிறகு அதே கணக்கைக் காட்டி, செவ்வாய் என்று சொல்லிப் பிள்ளைகளைக் காக்கவைக்கிறோம். இது அநியாயம்.

மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை வட அமெரிக்க மாணவர்களை வைத்துச் செய்தவை. நம் வாசகியரின் மனம் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள நியாயமில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம்கூட ஆராய்ச்சிக்குப் போவதில்லை, நாவல் வாசிப்பு என்றால் சிரிப்பார்கள். ஆனால் இதற்குப் பெருங்காசு தேவையில்லை. 20 பக்கக் கதை ஒன்றை இரண்டு விதமாக எழுதுங்கள். ஒன்றில் நாயகி 50 லட்சத்துக்கு நடிக்கட்டும், மற்றதில் அப்பம்மாவுக்காக. மற்றச் சொற்கள் ஒன்றும் மாறக் கூடாது. 80 வாசகரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். எவர் கையில் எந்தக் கதை என்பது கொடுப்பவருக்கும் தெரியாதபடி உறையில் போடுங்கள். வாசித்து முடிந்ததும் கேள்வி ஒன்றே: இவர்களின் அன்பை எவ்வளவு நம்பினீர்கள், −5 முதல் +5 வரை? போட்டோகொப்பிச் செலவோடு முடியும் வேலை. உயிரியல் படிக்கும் அந்தப் பிள்ளையே செய்யலாம்.