கோஹவுசிங்: ‘இணை வீட்டுவசதி’யும் எங்கள் வளவும்

போன மாதம் கோவையில் ஒரு கூட்டம். ஓடாமல் நிற்கும் பழைய பஞ்சாலைக் கட்டடங்களை இடிக்காமல், வயதானவர்கள் சேர்ந்து வாழும் இடமாக மாற்றலாமா என்று பேச்சு. வாசலில் கொடுத்த துண்டறிக்கையில் மூன்று இடத்தில் ‘முதியோர் இணை வீட்டுவசதி’ என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மில் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், என் பக்கம் குனிந்து கேட்டார்: “ஏனுங் தம்பி, இணை வீடுன்னா சின்ன வீடுங்களா?”

சிரித்துவிட்டேன். தப்பு அவர் மேல் இல்லை. கோஹவுசிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்தத் தமிழை நான் கேட்பது முதல் தடவையும் இல்லை.

சொல்லின் வரலாறு சின்னதுதான். டென்மார்க்கில் 1972 வாக்கில் சில குடும்பங்கள் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கின. ஆளுக்கொரு வீடு, அதில் அவரவர் அடுப்பு. நடுவில் பொதுச் சமையற்கூடமும் கூடமும். நிர்வாகம் குடியிருப்பவர்கள் கையில். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘போஃபெல்லஸ்காப்’. ‘போ’ என்றால் குடியிருத்தல், மீதி தோழமை. 1988-ல் கேத்ரின் மெக்கமான்ட், சார்லஸ் டுரெட் என்ற இரண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது செய்த சொல்தான் கோஹவுசிங்.

ஆக, ‘கோ’ என்ற முன்னொட்டு மூலத்தில் கிடையாது; ஆங்கிலத்தில் போட்ட ஒட்டு. நம் மொழிபெயர்ப்பாளர் பொருளை விட்டுவிட்டு அந்த ஒட்டைப் பெயர்த்திருக்கிறார்.

‘இணை’ கெட்ட சொல் இல்லை. ஆனால் இன்றைய வழக்கில் அதற்கு அலுவலக வாடை. இணை இயக்குநர், இணை ஆணையர் என்றால் பெரியவருக்கு அடுத்த நாற்காலி. அந்தக் கணக்கில் இணை வீடு என்றால் இரண்டாம் வீடு. பெரியவர் சரியாகத்தான் கேட்டார். சேர்ந்து செய்வதைச் சொல்ல நமக்குக் ‘கூட்டு’ இருக்கிறது. கூட்டுறவு, கூட்டுக் குடும்பம், கூட்டுப் பட்டா. பட்டா வாங்கப் போகிற எவரும் அதை ‘இணைப் பட்டா’ என்று கேட்பதில்லை.

‘வீட்டுவசதி’ அடுத்த கூத்து. வடமொழியில் வசதி என்றாலே உறைவிடம். வீட்டு உறைவிடம்! வீட்டுவசதி வாரியம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து ஹவுசிங் என்று கண்ணில் பட்டதும் கை தானாக எழுதிவிடுகிறது. வாரியம் கட்டிக் கொடுக்கும், நாம் குடியேறுவோம். கோஹவுசிங் அதற்கு நேர் எதிரானது. இங்கே குடியிருக்கப் போகிறவர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். வடக்கு லண்டனின் ஹை பார்னெட்டில் ஐம்பது வயது கடந்த பெண்கள் சேர்ந்து 2016-ல் 25 வீடுகளில் குடியேறினார்கள். அதற்காக அவர்கள் பதினெட்டு வருடம் அலைந்தார்கள். அதைப் போய் ‘வசதி’ என்பதா?

சிலர் இன்னும் சுருக்கமாக ‘முதியோர் இல்லம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது மொழிபெயர்ப்பே அல்ல. முதியோர் இல்லத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய் விடுகிறார்கள். இங்கே அவராகப் போகிறார். வினை மாறினால் பொருளும் மாறிவிடும்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘கூட்டுறைவு’ என்றார். இலக்கணம் சுத்தம். அச்சில் ஒரு ‘றை’ ‘ற’ ஆனால் போதும், மக்கள் சர்க்கரை கிடைக்குமா என்று பையோடு வந்து நிற்பார்கள்.

அதே துண்டறிக்கையில் கட்டடத்தை மாற்றும் வேலைக்குத் ‘தகவமைப்பு மறுபயன்பாடு’ என்று பெயர். தகவமைப்பு பள்ளி அறிவியல் பாடத்துச் சொல். ஒட்டகத்துக்கும் கள்ளிச்செடிக்கும் உரியது. மில் தானாகத் தகவமைத்துக்கொள்ளாது, மேஸ்திரி வந்து சுவரை உடைக்க வேண்டும். மறுபயன்பாடும் சரியில்லை. சோடா பாட்டிலில் மறுபடி சோடா நிரப்பினால் மறுபயன்பாடு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு போட்டால் பயன்மாற்றம். ‘பயன்மாற்றம்’ என்றே சொல்லலாம். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்குக் கொஞ்சம் வயிறு கலங்கும், பரவாயில்லை.

சரி, கோஹவுசிங்குக்கு என்னதான் சொல்? எங்கள் பக்கம் வளவு என்ற சொல் இருக்கிறது. வளைத்த இடம் வளவு. ஒரே வாசலைப் பார்த்து நாலைந்து வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஓர் ஆட்டுக்கல். யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றிய அடைப்பு நிலம் வளவு. செட்டிநாட்டிலும் சொல் உண்டு, பொருள் கொஞ்சம் வேறு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை மழுப்ப மாட்டேன். கொங்கு ஊர்களில் வளவுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சாதிப் பெயர் நிற்கும். யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அந்த வளைவே சொல்லிவிடும். அதனால்தான் வெறும் வளவு என்னாமல் ‘கூட்டுவளவு’ என்கிறேன். பிறப்பால் வாய்க்காமல், விரும்பிக் கூடியவர்களின் வளவு. கறை முழுக்கப் போய்விடுமா என்றால், போகாது.

மில்லுக்கு இந்தச் சொல் பொருந்தும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததும், 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகியதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 ஊரடங்கில் நின்றவை. பழைய மில் கொட்டகைகளில் பல தரைத்தளம் மட்டுமே, படி ஏற வேண்டாம். ரம்பப்பல் போன்ற நார்த் லைட் கூரை வெயிலை விடாமல் வெளிச்சத்தை மட்டும் இறக்கும். மூட்டுவலிக்கும் மங்கிய கண்ணுக்கும் வேறென்ன வேண்டும்? டென்மார்க்கில் ரோஸ்கில்டு அருகே ஓர் இரும்பு வார்ப்பாலை 1981-ல் கூட்டுவளவாகிவிட்டது. அது முதியோருக்கு மட்டுமானதல்ல, பிள்ளை குட்டிகளோடு வாழ்கிற இடம். பெயரைக்கூட மாற்றவில்லை: ‘யெர்ன்ஸ்டோபெரியெட்’. கோவைப் பீளமேட்டுக்காரர் வாயில் சொன்னால், பவுண்டரி.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். “வளவுன்னு சொன்னா ஆயிப்போச்சுங்களே, அதுக்கு எதுக்கு இத்தனை காயிதம்” என்றார். எந்தப் பகுதியில் வீடு கேட்பீர்கள் என்றேன்.

“எங்க குடுத்தாலும் சரிங்க, பஞ்சு சீவுற கார்டிங் மட்டும் வேண்டாம். அந்தத் தூசு இன்னும் நெஞ்சுலதான் இருக்குது.”