எந்த ப்ராசசருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? கணக்கு மானிட்டரில் தொடங்குகிறது

"ஐ3-க்கு 4060 போட்டா பாட்டில்நெக் ஆகுமா?" வேலூரில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர், விஐடி விடுதி மாணவரோ சத்துவாச்சாரி வீட்டுப் பிள்ளையோ, காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும் முன் கேட்கும் கேள்வி இது. ஐ3 ப்ராசசரோடு ஆர்டிஎக்ஸ் 4060 கார்டைப் போட்டால், ஒன்று மெதுவாகி மற்றதைக் காக்க வைக்குமா என்பதுதான் பொருள். இணையத்தில் இதற்கென்றே கால்குலேட்டர்கள் உண்டு. இரண்டு பெயரையும் கொடுத்தால் "17 சதவீதம் பாட்டில்நெக்" என்பதுபோல் ஒரு எண்ணைத் துப்பும். அந்த எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள். எந்த விளையாட்டு, எந்த மானிட்டர், என்ன செட்டிங்ஸ் என்று தெரியாமல் அப்படி ஒரு எண்ணைக் கணக்கிடவே முடியாது.

விளையாட்டு என்பது திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்தான். ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நீங்கள் அழுத்திய கீ, எதிரி ஓடும் பாதை, குண்டு பட்ட சுவர் சரியும் விதம், கேமராவுக்குள் எந்தெந்தப் பொருள் வரும் என்பது எல்லாவற்றையும் ப்ராசசர் தீர்மானித்து, "இதை இங்கே வரை" என்று வரிசையாகக் கட்டளை அனுப்புகிறது. அவற்றை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தையும் நிழலையும் கணக்கிடுவது கார்டின் வேலை. கார்டு ஒரு ஃப்ரேமை வரையும்போதே ப்ராசசர் அடுத்ததைத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டின் நேரத்தையும் கூட்டக் கூடாது. எது அதிகமோ அதுதான் ஃப்ரேமின் நேரம். குடியாத்தத்துக் கைலித் தறியில் தார் சுற்றித் தருபவர் தாமதித்தால் நெய்பவர் சும்மா உட்கார வேண்டும். நெய்பவர் தாமதித்தால் சுற்றிய தார் குவிந்து கிடக்கும். இங்கும் அதே கதைதான்.

எண்களில் பார்க்கலாம். ஒரு விளையாட்டில் ப்ராசசருக்கு ஃப்ரேமுக்கு 7 மில்லிசெகண்டும் கார்டுக்கு 12 மில்லிசெகண்டும் ஆகிறது என்று வையுங்கள். 12-தான் செல்லும், நொடிக்கு 83 ஃப்ரேம். இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டால் கார்டின் நேரம் 6 ஆகிவிடும். இப்போது ப்ராசசரின் 7 செல்லும், 143 ஃப்ரேம். இன்னும் காசு போட்டு நான்கு மடங்கு வேகமான கார்டு வாங்கினாலும் அதே 143-தான். கூடுதலாகக் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

அந்தப் பணம் வீணாகாத இடமும் உண்டு. ப்ராசசரின் 7 மில்லிசெகண்ட், ரெசல்யூஷனை (திரையின் பிக்சல் எண்ணிக்கையை) ஏற்றினாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எதிரி எங்கே ஓட வேண்டும் என்ற கணக்குக்குத் திரையின் அளவு தெரியத் தேவையில்லை. கார்டின் கதை வேறு. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 1080பி-யில் சும்மா இருந்த கார்டு 4கே-யில் மூச்சு வாங்கும். அதனால்தான் ஒரே ஜோடி ஒரு மானிட்டரில் பொருந்தாமலும் இன்னொன்றில் கச்சிதமாகவும் இருக்கிறது. முதலில் மானிட்டரைத் தீர்மானியுங்கள். 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டுவது) என்றால் இரண்டுக்கும் கெடு 16.7 மில்லிசெகண்ட், 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. இந்தக் கெடுவுக்குள் முடிக்கும் ப்ராசசரை முதலில் எடுத்து, மிச்சப் பணத்தைக் கார்டில் போடுவதே சரியான வரிசை.

1080பி, 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஐ3-12100எஃப் ப்ராசசருடன் ஆர்எக்ஸ் 6600 கார்டு போதும். 1080பி-யில் 144 ஹெர்ட்ஸ், அதிலும் வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போன்ற சுடும் ஆட்டங்கள் என்றால் ஆறு கோர் உள்ள ப்ராசசர் வேண்டும்: ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், கூட ஆர்டிஎக்ஸ் 4060. இந்த ஆட்டங்களில் கார்டுக்குச் சுமை குறைவு; ஃப்ரேமைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ப்ராசசர்தான். 1440பி-க்கு ரைசன் 5 7600 உடன் ஆர்டிஎக்ஸ் 4070 அல்லது ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி. இவற்றுக்குப் பிறகு புது மாடல்கள் வந்திருந்தாலும் கணக்கு மாறாது.

என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்ஸை ஆன் செய்தால் கணக்கு சற்றுப் புரளும். 1440பி-யில் குவாலிட்டி மோடு வைத்தால் உள்ளே கார்டு வரைவது 960பி அளவில்தான், பிறகு பெரிதாக்குகிறது. கார்டின் சுமை குறைய, சுமை மறுபடி ப்ராசசர் பக்கம் சாய்கிறது. ஃப்ரேம் ஜெனரேஷன் இடைப்படங்களைச் சேர்த்து எண்ணைக் கூட்டிக் காட்டும். ஆனால் மவுஸ் அசைவுக்குப் பதில் வரும் வேகம் ப்ராசசர் தயாரித்த அசல் ஃப்ரேம்களைப் பொறுத்தே இருக்கும்.

கையில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்தால் எது தாமதிக்கிறது என்று பார்ப்பது சுலபம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பயன்பாட்டைத் திரை மூலையில் காட்டச் செய்யுங்கள். 95 முதல் 99 சதவீதம் என்றால் கார்டு தன் எல்லையில் ஓடுகிறது. 70, 80-இல் நின்றால், ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் ஃப்ரேம் லிமிட்டோ விசிங்க்கோ போடாதபோது, ப்ராசசர் பக்கம் தாமதம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: "ப்ராசசர் வெறும் 40 சதவீதம்தானே ஓடுது?" என்பார்கள். 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழுதாக முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். விளையாட்டின் முக்கிய வேலை பெரும்பாலும் ஓரிரு த்ரெட்டில் நடப்பதால் மொத்தச் சதவீதம் எதையும் சொல்லாது. சந்தேகம் தீரவில்லையா? ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் தடை கார்டில். அசையாமல் நின்றால் ப்ராசசரில்.

இரண்டில் ஒன்று தடையாக இருந்தே தீரும். அது கார்டாக இருப்பதே நல்லது. கார்டு தடையானால் செட்டிங்ஸை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். ஃப்ரேம்களும் ஓரளவு சீராக வரும். ப்ராசசர் தடையானால் கூட்டமான சந்தையிலோ வெடிப்பிலோ திடீரென்று திக்கும். சராசரி 100 காட்டும், கண்ணுக்கோ குலுங்கும். அதனால் ரிவ்யூ பார்க்கும்போது சராசரியைவிட 1% லோ எண்ணை, அதாவது மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைக் கவனியுங்கள்.

பெயர் ஒத்திருப்பதால் விழும் பள்ளம் ஒன்று. ரைசன் 5 5600-இல் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி) 32 எம்பி, கார்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பு 4.0. 5500, 5600ஜி இரண்டிலும் கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0 மட்டுமே. கேஷ் குறைந்தால் ப்ராசசர் அடிக்கடி ரேமுக்கு ஓட வேண்டும்; அங்கே மில்லிசெகண்ட் போகும். பிசிஐஇ விஷயம் இன்னும் நுட்பமானது. 4060-க்கும் 6600-க்கும் எட்டு லேன் (தரவுப் பாதை) தான், பிசிஐஇ 3.0-இல் போட்டால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி மட்டும் கடக்கும். 4060-இன் சொந்த மெமரி வேகமோ நொடிக்கு 272 ஜிபி. கார்டின் 8 ஜிபி மெமரி நிறையாதவரை இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நிறைந்து வழிந்த கணமே தெரியும். நான்கு லேனும் 4 ஜிபி மெமரியும் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைப் பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் போடுவது சுத்த வீண்.

ரேம் விஷயத்தில் சுருக்கமாக: 16 ஜிபி ஒரே குச்சி வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். டிடிஆர்4-3200-இல் ஒற்றைக் குச்சிக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்காமல் மாதக்கணக்கில் 60-இலேயே ஆடுபவர்களும் உண்டு.

இனி நம்ம ஊர் வெயில். ரிவ்யூ செய்பவர்களின் அறை 22 டிகிரி வாக்கில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மத்தியானம் 40-ஐத் தாண்டும். ஏசி இல்லாத மாடியறை அதற்குக் குறையாது. அறைச் சூடு எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் சிப்பின் மேல் ஏறும். ரிவ்யூவில் 72 காட்டிய ரைசன் 5600 இங்கே 90-ஐத் தொடும். அதன் எல்லையே 90, அங்கே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்கழியில் சரியாகப் பொருந்திய ஜோடி மே மாதத்தில் பொருந்தாமல் போவது இப்படித்தான். கண்ணாடி முகப்பு கேபினெட்டை விடுத்து வலை முகப்பு எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. ப்ராசசருக்கு டவர் கூலர். கார்டின் பவர் லிமிட்டை ஆஃப்டர்பர்னரில் 85 சதவீதத்துக்கு இறக்கினால் ஃப்ரேம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே இறங்கும்.

மின்சாரத்தையும் ஜோடிக் கணக்கில் சேர்க்க வேண்டும். 4060-க்கு 115 வாட், 4070-க்கு 200. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) 4060-க்கு நல்ல தரமான 550 வாட் போதும். அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கம்ப்யூட்டரில் கார்டு போடுவதானால் முதலில் கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: பல பெட்டிகளில் 240 வாட்டுக்குள்தான் இருக்கும், கார்டுக்கான 8 பின் வயரும் இருக்காது. கார்டைச் செருகும் ஸ்லாட் மட்டும் தருவது 75 வாட். யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 4060 பெட்டி மானிட்டரோடு சேர்ந்து இதற்குள் அடங்கும். 4070 பெட்டி ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனால் யுபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்துவிடும். அதற்கு 1000 விஏ பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால் அது சைன் வேவ்தானா என்று கேட்டு, யுபிஎஸ் மோடு சுவிட்சைப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்த இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.