தகைவைப் பார்க்கும் முன் குணகத்தைப் பாருங்கள்

மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது, கழற்றிப் போட்ட ஒரு பனங்கையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கறுப்பு நார்கள் நெருக்கியடித்து நின்றன. அங்கே ஆணி இறங்கவில்லை. மறுபக்கம் போகப் போக நார்கள் விலகி, வெளுத்த சோற்றுப் பகுதியில் நகம் பதிந்தது. வைரம் எங்கே முடிகிறது, சோறு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. மூங்கிலும் இப்படித்தான். இதற்குப் பழந்தமிழில் புறக்காழ் என்றே ஒரு சொல் இருக்கிறது.

பொருளின் தன்மை இடத்துக்கு இடம் இப்படி மெல்ல மாறும்படி நாமே செய்தால் அது ஃபங்ஷனலி கிரேடட் மெட்டீரியல். தொழிலில் எஃப்ஜிஎம் என்போம். 1984ல் ஜப்பானில் விண்வெளி விமானத் திட்டம் ஒன்றில் இந்த யோசனை பிறந்தது. சுவரின் வெளிப்புறம் 2000 கெல்வின், உட்புறம் 1000 கெல்வின், தடிமனோ 10 மில்லிமீட்டருக்கும் குறைவு. செராமிக்கையும் உலோகத்தையும் நேராக ஒட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து, ஒட்டிய இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதனால் கலவையை மெல்ல மாற்றிக்கொண்டே போனார்கள்.

மதுரைச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக என்னிடம் வரும் மாணவர்களில் பலர் இந்தத் தலைப்பைத்தான் எடுக்கிறார்கள். மாதிரி செய்து சோதிக்கச் செலவு அதிகம் என்பதால் எல்லாமே கணினியில் முடிந்துவிடுகிறது. எனக்குக் கவலை தருவது இதுதான். சோதனைக் கூடத்தில் பொருள் உடைந்து நம் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். மென்பொருளில் எதுவும் உடையாது.

போன மாதம் திருநகரில் என் வீட்டுக்கு ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். அடியில் அலுமினியம், மேலே போகப் போக அலுமினா என்ற செராமிக்காக மாறும் ஒரு தட்டு. மாற்றத்துக்கு அடுக்குவிதி (பவர் லா), அடுக்கெண் 2: அடியிலிருந்து உள்ள உயரத்தைத் தடிமனால் வகுத்து வர்க்கம் எடுத்தால், அங்கே செராமிக்கின் பங்கு கிடைக்கும். தடிமனைப் பத்து சம அடுக்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெட்டீரியல் கொடுத்திருந்தார். வளைத்தால் தகைவு (பரப்பலகுக்கு வரும் உள்விசை) வரைபடம் படிக்கட்டு மாதிரி ஏறியது. “அண்ணே, இந்தப் படி இருக்கிற இடத்தில் அடுக்கு பிரியுமா?” என்றார்.

பிரியாது, அந்தப் படியே உண்மையில் இல்லை. இரண்டு அடுக்கு சேரும் இடத்தில் தட்டின் நீளவாக்கில் திரிபு, அதாவது நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது, ஒன்றுதான்; பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம்தான் தாவுகிறது. இரண்டின் பெருக்கல்தான் தகைவு. அலுமினியத்துக்கு 70, அலுமினாவுக்கு 380 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால், மேலிருந்து முதல் அடுக்கின் நடுவில் குணகம் சுமார் 350, அடுத்ததில் 294. திரிபு 0.0005 என்றால் இந்த எல்லையில் மட்டும் 28 மெகாபாஸ்கல் தாவும். அடியிலுள்ள இரண்டு அடுக்குகளுக்கு இடையே வித்தியாசம் 6 ஜிகாபாஸ்கல்தான். மாற்றம் எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே அடுக்கு மெலிதாக வேண்டும். சமமாக வெட்டுவது வசதிக்காக மட்டுமே.

இதைவிட ஆபத்தானது படியாகத் தெரியாத தவறு. அவர் மாடலில் மேற்பரப்பின் குணகம் 380ஐத் தொடவே இல்லை, 350ல் நின்றுவிட்டது. அதே திரிபுக்கு மேற்பரப்புத் தகைவு 8 சதவீதம் குறைவாக வரும். செராமிக்கில் விரிசல் கிளம்பும் இடமே மேற்பரப்புதான். ஆனால் தட்டு முழுவதற்குமான சராசரிக் குணகம் 173.3 வர வேண்டிய இடத்தில் 173.1 வருகிறது. நீட்சியை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், மாடல் அருமை என்றுதான் சொல்வார்.

அப்புறம், இந்த 70க்கும் 380க்கும் நடுவே வரும் எண்கள் எங்கிருந்து வந்தன? பாதிக்குப் பாதி கலவைக்கு, இரண்டு பொருளும் ஒரே அளவு நீள்வதாகக் கொள்ளும் வாய்ட் விதி (நேர் சராசரி) 225 என்கிறது, இரண்டும் ஒரே தகைவைத் தாங்குவதாகக் கொள்ளும் ராய்ஸ் விதி 118 என்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மோரி-தனாகா முறை இவற்றுக்கு நடுவே ஒரு மதிப்பைத் தரும். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகப் பொருளைத் துண்டு துண்டாக்கும் வலையை, இரவெல்லாம் நுணுக்குகிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் கொடுப்பதில்லை. எந்த விதி, ஏன் என்பது அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பாய்சான் விகிதத்தை (இழுக்கும்போது குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதை) 0.3 என்று மாறாமல் வைப்பது பெரும்பாலும் குற்றமில்லை.

இனி, நானே செய்த தவறு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்காகப் பூச்சு போட்ட தகடு ஒன்றைக் கணக்கிட்டேன். நம் ஆட்கள் பலர் அறிந்த குறுக்குவழி ஒன்று உண்டு: குணகத்தை வெப்பநிலையோடு மாறுவதாக அட்டவணையில் எழுதிவிட்டு, உலோகப் பக்கம் 0, செராமிக் பக்கம் 1 என்று பொய்யான வெப்பநிலையைக் கொடுப்பது. இயந்திர லோடுக்கு மட்டும் இது ஒழுங்காக வேலை செய்யும். பிறகு அவர்கள் தகட்டைச் சூடாக்கிப் பார்க்கச் சொன்னார்கள். வெப்ப விரிவுக் குணகத்தையும் அதே அட்டவணையில் சேர்த்து, அதே மாடலில் 400 டிகிரி போட்டேன். அட்டவணை 1லேயே முடிந்துவிட்டதால் மென்பொருள் கடைசி மதிப்பையே எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொண்டது. தகடு முழுக்கச் செராமிக் ஆகிவிட்டது. ஒரு எச்சரிக்கை வரி கூட வரவில்லை. படம் அழகாக இருந்தது, அறிக்கையும் அனுப்பிவிட்டேன்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது: தகடு நேராகவே இருந்ததே! ஒரு பக்கம் அதிகம் விரியும் தகட்டைச் சீராகச் சூடாக்கினால், அயர்ன் பாக்ஸுக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை மாதிரி அது வளைந்தே ஆக வேண்டும், உலோகப் பக்கம் புடைத்துக்கொண்டு. காலையில் போன் போட்டு அறிக்கையைத் திரும்ப வாங்கினேன்.

வெப்பநிலையை வெப்பநிலைக்கே விட்டுவிடுங்கள். அபாகஸ் மென்பொருளில் யுஎஸ்டிஎஃப்எல்டி என்ற சப்ரூட்டீன் (நாமே எழுதிச் சேர்க்கும் துணைநிரல்) இருக்கிறது. மென்பொருள் தகைவைக் கணக்கிடும் ஒவ்வொரு காஸ் புள்ளியின் ஆயமும் (இருக்கும் இடமும்) அதற்குள் வரும்; நாம் செராமிக் பங்கைக் கணக்கிட்டு ஃபீல்டு மாறியில் (இடத்துக்கு இடம் மாறும் எண்ணில்) எழுதிவிட்டால், அட்டவணை அந்த மாறியையும் உண்மையான வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஆன்சிஸில் டிபிஃபீல்டு கட்டளைக்கு ஆயத்தையே கொடுக்கலாம். காம்சாலில் குணகத்தின் பெட்டியிலேயே சூத்திரத்தைத் தட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: தட்டு பெரிதாக வளையும் கணக்கு என்றால், உங்களுக்கு வருவது தொடக்க ஆயமா, நகர்ந்த பிறகான ஆயமா என்று பாருங்கள். பொருளின் விதியையே நாம் எழுதும் யூமேட் என்ற அபாகஸ் சப்ரூட்டீனில் நகர்ந்த ஆயம்தான் வரும். அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் தட்டு வளைய வளைய அலுமினியம் அலுமினாவாக மாறிக்கொண்டிருக்கும். கணக்கின் முதல் படியில் ஆயத்தை ஸ்டேட் மாறியில் (அந்தப் புள்ளிக்கென மென்பொருள் நினைவில் வைக்கும் எண்ணில்) சேமித்துவிட்டு அதையே பயன்படுத்த வேண்டும்.

சரிபார்க்க ஆய்வுக்கட்டுரை தேட வேண்டியதில்லை. அடுக்கெண் 2 என்றால் செராமிக்கின் சராசரிப் பங்கு மூன்றில் ஒன்று. 1 என்றால் பாதி. முனை முழுவதையும் சமமாக இழுத்து, எதிர்விசையைப் பரப்பாலும் திரிபாலும் வகுத்தால், வாய்ட் விதிப்படி கைக்கணக்கில் வரும் குணகம் அப்படியே வர வேண்டும். மேற்பரப்பு மதிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும், மேலே சொன்ன 8 சதவீதம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சீராகச் சூடாக்கி, சரியான பக்கம் வளைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தம்பியிடம் தகைவுப் படத்தை மூடச் சொல்லிவிட்டு, ஃபீல்டு மாறியை மட்டும் படமாக எடுத்து வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஹாஸ்டலிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். லோடு எதுவும் இல்லை. தடிமன் வழியே ஒரே ஒரு வளைகோடு, அடியில் 0, மேலே 1, நடுவில் 0.25. பனங்கையின் வெட்டுமுகம் போலப் படியே இல்லாமல் ஏறியிருந்தது. “இனி லோடு போடு தம்பி” என்று பதில் எழுதினேன்.