அந்த மாற்றம் இன்னொரு லேப்டாப்பில் இருக்கிறது

"முடித்துவிட்டேன், ஆனால் அது இன்னொரு லேப்டாப்பில் இருக்கிறது." நிரலாளர்களின் காலைக் கூட்டங்களில் இதைக் கேட்காத வாரமே இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பழகிய பிறகுதான் அதிகம் சொன்னேன் என்பது வேடிக்கை. கிட்தான் இருக்கிறதே, எல்லாம் எங்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிட் தானாக எதையும் எங்கும் கொண்டுபோகாது. கமிட் செய்து (மாற்றத்தைப் பதிவாக்கி) புஷ் செய்தது (வெளியே அனுப்பியது) மட்டும்தான் கணினியை விட்டு வெளியேறும். எடிட்டரில் சேமித்தது போகாது, ஸ்டாஷில், அதாவது கமிட் செய்யாமல் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் இடத்தில், போட்டதும் போகாது. சும்மா புஷ் என்றால் நாம் நிற்கிற கிளை (வேலையின் ஒரு தனிப் பாதை) மட்டும்தான் போகும்; மற்ற கிளைகள் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

இந்த அலுப்புக்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி, ப்ராஜெக்டை அப்படியே கிளவுட் ஃபோல்டருக்குள் வைப்பது. சில வாரம் அருமையாக ஓடியது. ஒருநாள் கமிட் செய்த கையோடு லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த கணினியைத் திறந்தால், ஹெட் (நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் குறி) சுட்டும் ஆப்ஜெக்டே இல்லை என்கிறது கிட்.

நடந்தது இதுதான். கிட்டில் ஒரு கிளை என்பது, கமிட்டின் 40 எழுத்து அடையாளம் எழுதிய ஒரு சின்னக் கோப்பு. கமிட்டின் உள்ளடக்கம் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்புகளில் இருக்கும். ஆப்ஜெக்டை முதலில் எழுதிவிட்டுத்தான் கிட் கிளையை நகர்த்தும். கிளவுட் சேவைக்கு இந்த வரிசை தெரியாது. அதற்கு எல்லாமே வெறும் கோப்புகள். கிளைக் கோப்பு முந்திக்கொண்டது, ஆப்ஜெக்டுகள் லேப்டாப்பிலேயே நின்றுவிட்டன. நான் அவசரப்பட்டு அங்கே எதையோ சரிசெய்யப் போக, மெயின் கிளைக்குப் பக்கத்திலேயே 'முரண்பட்ட நகல்' என்று இன்னொரு கோப்பு முளைத்தது. முதல் லேப்டாப்பின் ரெஃப்லாக்கை, அதாவது கிளைகள் நகர்ந்ததைக் குறித்து வைக்கும் பதிவை, தோண்டித்தான் மீண்டேன். அன்றிலிருந்து கிட் ரெப்போவும் (வரலாற்றோடு கூடிய ப்ராஜெக்ட் ஃபோல்டர்) கிளவுட் ஃபோல்டரும் என்னிடம் ஒன்றாக வாழ்வதில்லை.

இப்போது நான் செய்வது எளிது. எழுந்திருக்கும்முன் வேலை பாதியில் இருந்தாலும், எனக்கென்று வைத்திருக்கும் தற்காலிகக் கிளையில் 'அரைகுறை' என்று ஒரு கமிட் போட்டுப் புஷ் செய்துவிடுவேன். செய்தி அழகாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த கணினியில் ஃபெட்ச் செய்து (புதிதாக வந்ததை இறக்கி) அந்தக் கிளைக்கு மாறி, கடைசி கமிட்டை மட்டும் ரீசெட் செய்தால் (பின்வாங்கினால்) மாற்றங்கள் கமிட் ஆகாத நிலையில் கைக்கு வந்துவிடும், வேலையைத் தொடரலாம். பிறகு புஷ் செய்யும்போது வரலாறு மாறியிருப்பதால் ஃபோர்ஸ் (கட்டாயமாக மேலெழுதுவது) தேவைப்படும். அப்போது வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்கள். நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே ரிமோட் (நாம் புஷ் செய்யும் மறுமுனை ரெப்போ) இருந்தால்தான் அது மேலெழுதும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: சில எடிட்டர்கள் பின்னணியில் தாமாகவே ஃபெட்ச் செய்யும். நீங்கள் கண்ணால் பார்க்காததையும் பார்த்துவிட்டதாக கிட் எடுத்துக்கொள்ளும். எனவே பிறர் வேலை செய்யும் கிளையில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம்.

புல் செய்வதை (ரிமோட்டில் உள்ளதை இறக்கி நம் கிளையில் சேர்ப்பதை) ஃபாஸ்ட் ஃபார்வர்டு மட்டும், அதாவது கிளையை நேராக முன்னே நகர்த்த முடிந்தால் மட்டும், என்று அமைத்துவிட்டேன். இரண்டு கணினியும் தனித்தனிப் பாதையில் போயிருந்தால் கிட் அங்கேயே நின்றுவிடும். ரீபேஸா (என் கமிட்டுகளை மற்றதன் மேல் மறுபடி அடுக்குவது) மெர்ஜா (இரண்டையும் இணைப்பது) என்று நான் பார்த்து முடிவெடுப்பேன். தேவையற்ற மெர்ஜ் கமிட்டுகள் இதனாலேயே குறைந்தன.

நடுவில் ஒரு இணையச் சேவை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதியபோதே ஒவ்வொரு நகலும் முழு வரலாற்றைச் சுமக்கும்படிதான் எழுதினார். எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக எட்டும் ஏதாவதொரு கணினியில், ஏன், ஒரு பென்டிரைவில்கூட, பேர் ரெப்போ (வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ளது) ஒன்று வைத்தால் போதும். சாதாரண ரெப்போவுக்கு நேரடியாகப் புஷ் செய்தால், அங்கே திறந்திருக்கும் கிளையை மாற்ற கிட் மறுக்கும். அந்த மறுப்பை அணைத்துவிட்டுப் பின்னர் குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

விண்டோஸும் லினக்ஸும் கலந்து வைத்திருப்பவர்கள் வரிமுடிவு விதிகளை கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள்; இரண்டும் வரியின் முடிவை வெவ்வேறு விதமாகக் குறிக்கும். இல்லையென்றால் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டக்கூடும்.

கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு மட்டும் இந்த வழியில் போகக்கூடாது. அதைக் கடவுச்சொல் மேலாளர் வழியாகக் கொண்டுபோங்கள். தவறிப் புஷ் செய்துவிட்டால் அடுத்த கமிட்டில் நீக்குவதால் பயனில்லை, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். உடனே அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுங்கள்.

பழைய லேப்டாப்பை அழிப்பதற்கு முன் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, ஸ்டாஷ் பட்டியல். மற்றொன்று, கிட் லாகில் (கமிட்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) பிராஞ்சஸ், நாட், ரிமோட்ஸ் என்ற மூன்றையும் இதே வரிசையில் கொடுத்தால் கிடைப்பது: எந்த ரிமோட்டுக்கும் போகாத கமிட்டுகள். சென்ற முறை பார்த்தபோது, எப்போதோ எழுதி மறந்துபோன ஒரு முழுத் திருத்தம் அதில் இருந்தது. இரண்டாவது லேப்டாப்பில் அதையே மறுபடியும் எழுதி முடித்திருந்தேன்.