நீச்சல் குளம், ஜிம், உடை மாற்றும் அறை: திருநங்கையருக்குச் சட்டம் தரும் உரிமை

சென்னை மாநகராட்சிக்கு மெரினாவிலும் பெரியமேடு மை லேடீஸ் பூங்காவிலும் நீச்சல் குளங்கள் உள்ளன. வேளச்சேரியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது. தனியார் ஜிம்களோ அநேகமாக எல்லாப் பகுதிகளிலும் வந்துவிட்டன. இவற்றில் சேர வரும் திருநங்கையிடம் “உங்களைச் சேர்க்க மாட்டோம்” என்று கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. “லேடீஸ் பேட்ச் ஃபுல் ஆயிடுச்சு அக்கா”, “மேனேஜர் வந்ததும் கேட்டுச் சொல்றோம்”, “நீங்க டிரெஸ் மாத்த இங்க இடம் இல்லையே” என்கிறார். மறுப்புதான் என்று கேட்பவருக்குப் புரிகிறது, ஆனால் புகார் எழுதும் அளவுக்கு அதில் எதுவும் கையில் சிக்குவதில்லை. இப்படிப்பட்ட நிலையில் சட்டம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது, யாரிடம் எப்படி முறையிடுவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவிலிருந்து தொடங்குவதே சரி. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி, கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றுக்குள் எந்தக் குடிமகரும் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்றும், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. ஊர்க் குளத்தின் படித்துறையில் கால் வைக்கும் உரிமை சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டதை அறிந்த நமக்கு, இந்த உட்பிரிவு ஏன் எழுதப்பட்டது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சி நீச்சல் குளமும் பொதுப் பணத்தில் நடக்கும் குளம்தான். ‘பாலினம்’ என்று இப்பிரிவு சொல்வதில் பாலின அடையாளமும் அடங்கும் என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. பாலினத்தை அங்கீகரிக்க அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

தனியார் இடங்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது, 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம். பொதுமக்களுக்கென நடத்தப்படும் எந்தச் சேவையையும் வசதியையும் திருநர் ஒருவருக்கு மறுப்பது, பாதியில் நிறுத்துவது, அல்லது அவற்றைப் பயன்படுத்துவதில் அவரை நியாயமற்ற முறையில் நடத்துவது ஆகிய மூன்றையும் அதன் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் இத்தடை பொருந்தும். நிறுவனம் என்பதற்குள் உள்ளாட்சி அமைப்பும், கம்பெனியும், கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் சிறு ஜிம்மும் அடங்கும். எனினும் 3ஆம் பிரிவை மீறியதற்கென்று தனித் தண்டனை எதையும் இச்சட்டம் குறிப்பிடவில்லை. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். தண்டனை 18ஆம் பிரிவில்தான் வருகிறது. மற்றவர்கள் சென்றுவரும் பொது இடத்தை ஒரு திருநர் பயன்படுத்த விடாமல் தடுப்பவருக்கு, 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம்.

இனி உடை மாற்றும் அறைக்கு வருவோம். பெண்களுக்கான உடை மாற்றும் அறையில் திருநங்கையை அனுமதிக்க வேண்டும் என்றோ கூடாது என்றோ 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே அதன் பொதுவான பிரிவுகளைக் கொண்டுதான் இக்கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. நீச்சல் உடை இல்லாமல் குளத்தில் இறங்க எந்த நிர்வாகமும் விடுவதில்லை. ஈர உடையோடு யாரும் பேருந்தில் ஏறி வீடு திரும்பவும் முடியாது. எனவே “குளத்தில் சேர்த்துக்கொள்கிறோம், உடை மாற்ற மட்டும் இடம் தர மாட்டோம்” என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அது குளத்தையே மறுப்பதற்குச் சமம். ஆண்கள் அறைக்குப் போகச் சொல்வது அதைவிட மோசமானது. பெண்ணாக வாழும் ஒருவரை அரைகுறை உடையில் ஆண்கள் நடுவே நிற்க வைத்து, கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளாக்கும் அந்த ஏற்பாடு ‘நியாயமற்ற முறையில் நடத்துவது’ ஆகாது என்று யாரும் வாதிட முடியாது.

பெண்கள் அறையைப் பயன்படுத்தக் கோருவதற்கு நம் மாநிலத் தீர்ப்பு ஒன்றும் துணை நிற்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அது திருமணப் பதிவு பற்றிய வழக்குதான் என்றாலும், திருநங்கையைப் பெண்ணாக ஏற்பதில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

அறையைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற பெண்களின் கூச்சத்தையும் தள்ளிவிட முடியாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியது அங்கே நிற்கும் அனைவருக்கும் பொருந்தும். பலர் ஒரே நேரத்தில் உடை களையும் திறந்த கூடம் அநேகப் பெண்களுக்கே பிடிப்பதில்லை. துண்டை வாயில் கவ்விக்கொண்டு, நைட்டியை மேலே போட்டுக்கொண்டு, அதற்குள்ளேயே உடை மாற்றுபவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கூடத்தில் திருநங்கையின் கூச்சமும் அச்சமும் அவர்களுடையதைவிடக் குறைந்தவை அல்ல. உள்ளே தாழ்ப்பாள், முழு உயரக் கதவு, ஈரத் தரையில் துணி விழாமல் மாட்ட இரண்டு கொக்கி ஆகியவற்றோடு ஆளுக்கொரு தடுப்பறை அமைத்துவிட்டால் யாருக்கும் குறை இராது. அதற்கு ஆகும் செலவும் பெரிதல்ல.

தனி அறை தருகிறோம் என்று நிர்வாகம் முன்வந்து, திருநங்கையும் அதை விரும்பினால் நல்லதுதான். ஆனால் துடைப்பமும் பினாயிலும் வைத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டு “உங்களுக்கு இதுதான்” என்று கட்டாயப்படுத்துவதும், மற்ற எல்லோரும் போன பின் வரச் சொல்வதும் 3ஆம் பிரிவுக்குள் வரும் என்பதே என் கருத்து.

சேர்க்கைப் படிவத்தில் எல்லோரிடமும் கேட்கும் அடையாள அட்டையைத் திருநங்கையிடமும் கேட்கலாம். தோல் நோய் இல்லை என்ற மருத்துவச் சான்று எல்லோருக்கும் கட்டாயமானால் அவருக்கும் கட்டாயம்தான். அவரிடம் மட்டும் “ஆபரேஷன் ஆயிடுச்சா?” என்று கேட்பதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லை. மாவட்ட ஆட்சியர் வழங்கும் திருநர் அடையாளச் சான்றிதழும், ‘பெண்’ என்று குறிக்கும் திருத்தச் சான்றிதழும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6, 7ஆம் பிரிவுகளில் கூறப்பட்டுள்ளன. இவை கையில் இருந்தால் கவுன்ட்டரில் வாக்குவாதம் குறையும். ஆயினும் எந்தச் சான்றிதழும் இல்லை என்பதற்காக ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்புவது நியாயமாகாது.

உடை மாற்றும் அறையில் யாருடைய அந்தரங்கப் பகுதியையாவது அவர் சம்மதமின்றிக் கைப்பேசியில் படம் எடுத்தால், பாதிக்கப்பட்டவர் எந்தப் பாலினத்தவராக இருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ (66E) பிரிவு பொருந்தும். மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புகார் கொடுக்கப் போன இடத்தில் காவலரே கேலி செய்தால், பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட விதியைச் சுட்டிக்காட்டி மேலதிகாரியிடம் முறையிடலாம்.

முதல் புகார் அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. புகார் வந்த 15 நாளில் அவர் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும், அறிக்கை கிடைத்த 15 நாளில் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அச்சட்டத்தின்கீழ் வந்த 2020ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அப்படி ஓர் அலுவலரே இல்லை என்று தெரிந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். சட்டம் சொன்ன ஏற்பாட்டைச் செய்யாமல் விடுவதும் பாகுபாடே என்று, வேலை மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. “இன்ன தேதி மாலை இத்தனை மணிக்குத் தங்கள் நிறுவனத்தில் பெண்கள் பிரிவில் சேரச் சென்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் இன்ன சொற்களைக் கூறி மறுத்தார். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3, 11, 18ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுத்து, எழுத்துமூலம் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதினால் போதும். அவர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே எழுதுவது முக்கியம். கட்டணம் கட்டியிருந்தால் ரசீதின் நகலை இணைத்து, உங்களிடம் இருக்கும் பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், தடுத்தது 18ஆம் பிரிவின்கீழ் வரும் என்று கருதினால் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். சந்தா கட்டிய பின் வெளியேற்றப்பட்டவர் அதைச் சேவைக் குறைபாடாகக் கொண்டு, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைகளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. சட்டமும் விதியும் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், மனுவில் கையெழுத்திடுவதற்கு முன் அன்றைய நிலையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கான உதவி எண் 15100.