குழம்பு தெறித்த கட்டங்களை மீட்கும் கணிதம்

சுங்கை சிப்புட் பக்கம் நான் காலையில் பசியாறும் ஒட்டுக்கடையில், கல்லாவோரம் ஒட்டியிருக்கும் டுயிட்நவ் (மலேசிய மின்பணப் பரிமாற்ற முறை) கியூஆர் குறியீட்டின் ஒரு மூலையில் பருப்புக் குழம்பு தெறித்துக் காய்ந்து கிடக்கிறது. ஆயினும் கைப்பேசியை நீட்டியவுடன் மூன்று வெள்ளி (ரிங்கிட்) போய்ச் சேர்ந்துவிடுகிறது. "ஒங்க கேமரா நல்ல கேமரா தம்பி" என்பார் கடைக்கார அக்கா. உண்மையில் கேமரா அந்த மூலையைத் தவறாகத்தான் படிக்கிறது. தவறு எங்கே என்று கண்டறிந்து திருத்துவது, 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்த கணித முறை.

3, 5 என்னும் இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். வரைபடத்தாளில் முதல் இடத்தில் 3 உயரத்திலும் இரண்டாம் இடத்தில் 5 உயரத்திலும் புள்ளி வைத்து நேர்க்கோடு இழுத்தால், அக்கோடு மூன்றாம் இடத்தில் 7ஐயும் நான்காம் இடத்தில் 9ஐயும் தொடும். 3, 5, 7, 9 என நான்கையும் அச்சிடுகிறோம். குழம்பு பட்டு 5 என்பது 8 ஆகத் தெரிந்தாலும், 3, 7, 9 ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்க, 8 மட்டும் விலகி நிற்பதால், அதுவே பிழை என்பதும் அங்கே இருந்தது 5 என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடும். ஒரு பிழைக்கு இரண்டு எண்கள் மிகையாகத் தேவைப்படுவதன் காரணமும் இங்கேயே இருக்கிறது: கெட்டது எது, அங்கே இருந்தது என்ன என்று விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு.

கியூஆர் குறியீட்டில் நேர்க்கோட்டின் இடத்தில், வளைகோட்டைத் தரும் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை அமர்கிறது. வழக்கமான எண்களில் கணக்கிட்டால் பின்னங்கள் பெருகும் என்பதால், 256 எண்கள் மட்டுமே கொண்ட முடிவுறு களத்தில் கணக்கு நடக்கிறது. அங்கே 1ஐயும் 1ஐயும் கூட்டினால் பூஜ்ஜியம், எதை எதனால் வகுத்தாலும் (பூஜ்ஜியத்தால் வகுப்பது நீங்கலாக) விடை அந்த 256க்குள்ளேயே அடங்கும். இத்தகைய களங்களுக்கு வித்திட்ட பிரெஞ்சு இளைஞர் எவரிஸ்ட் கால்வா, 1832இல் துப்பாக்கிச் சண்டையொன்றில் காயமுற்று இறந்தபோது அவருக்கு வயது 20தான்.

1986இல் யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களைக் காத்ததும் ரீட்-சாலமன் முறையே. கியூஆரில் அதற்கு நான்கு நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையில், பதிந்த குறிச்சொற்களில் (எட்டுக் கருப்பு வெள்ளைக் கட்டங்கள் சேர்ந்து குறிக்கும் எண்களில்) ஏறத்தாழ 30 விழுக்காடு கெட்டாலும் மீட்டுவிடலாம்.

மூலைகளில் உள்ள மூன்று பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இக்குறியீட்டை உருவாக்கியபோது, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நடுவழியே கருப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வருமாறு அவற்றை அமைத்தது. கைப்பேசி முதலில் தேடுவது அந்த விகிதத்தையே. அது அகப்படாவிட்டால் திருத்துவதற்கு எண்களே கிடைக்காது. அக்காவின் கடையில் குழம்பு தெறித்திருப்பது, நல்லவேளையாக, சதுரம் இல்லாத நான்காவது மூலையில்.