புரோபயோட்டிக்: தமிழில் நல்லுயிரி

அக்காவின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நாள் நெருங்க நெருங்க அவளுக்கு வயிற்றைக் கலக்கும். போன கிழமை பார்மசியில் வாங்கிய ஒரு சின்னப் பக்கற்றை என் முன்னால் வைத்தாள். "சின்னம்மா, இதைக் குடிச்சால் பயம் குறையுமாம். இதுக்குத் தமிழில என்ன பேர்?"

பக்கற்றில் இருந்த சொல் புரோபயோட்டிக். 'புரோ' இலத்தீன், சார்பாக என்று பொருள். 'பயோஸ்' கிரேக்கம், உயிர். 1965ல் லில்லி, ஸ்டில்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் இச்சொல்லை ஆண்டபோது பொருள் வேறு: ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றை வளரத் தூண்டும் பதார்த்தம். அன்டிபயோட்டிக்குக்கு நேர் எதிர். இன்றைய பொருளை 2001ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு வகுத்தது: போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை செய்யும், உயிருள்ள நுண்ணுயிர்கள்.

இதில் 'உயிருள்ள' என்பதை விட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டு அப்பமாவையே எடுங்கள். கள்ளு விட்டுக் கரைத்து வைத்தால் விடியும்போது சட்டி விளிம்புவரை பொங்கி நிற்கும். புளிப்பு மணம் குசினி முழுக்கப் பரவியிருக்கும். மாவுக்குள் மதுவமும் பற்றீரியாவும் கோடிக்கணக்கில். தாச்சியில் ஊற்றி மூடினால் சூட்டில் எல்லாம் செத்துவிடும். ஆகவே அப்பம் புரோபயோட்டிக் ஆகாது. தயிரில் அவை உயிரோடு இருக்கின்றன. அங்கேயும் எந்த இனம், எவ்வளவு என்று சோதித்து நன்மை உறுதியானால்தான் பெயர் பொருந்தும்.

'நன்மை தரும் நுண்ணுயிர்' என்று எழுதுவது பிழையில்லை. ஆனால் அது விளக்கம், பெயரல்ல. நான் நல்லுயிரி என்பேன். நன்னுயிரி என்று வாயில் வரும்; நல், நூல் இரண்டும் சேர்ந்து நன்னூல் ஆவது பின்னால் நகரம் வருவதால். உயிரெழுத்து வந்தால் லகரம்தான் இரட்டிக்கும், நல்லெண்ணம் போல.

சரி, பயத்துக்கு வருவோம். 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று பயத்தை வயிற்றில் வைத்துப் பேசுகிறவர்கள் நாங்கள். குடலையும் மூளையையும் இணைக்கும் ஒரு பெரிய நரம்பு உண்டு. அதன் பெயர் வேகசு. இலத்தீனில் அலைந்து திரிவது என்று பொருள். 2011ல் அயர்லாந்தின் கோர்க் நகர ஆய்வாளர்களும் கனடா ஆய்வாளர்களும் லக்ரோபசிலசு என்ற பற்றீரியாவில் ஒருவகையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் பதற்றம் தணிந்தது, நெருக்கடியில் சுரக்கும் ஹோர்மோனும் குறைந்தது. வேகசு நரம்பை வெட்டிய எலிகளில் அந்த மாற்றம் இல்லை. செய்தி அந்த நரம்பு வழியே போயிருக்கிறது என்பதுதான் இதில் என்னை வியக்க வைத்தது.

2013ல் மனநோய்க்கு உதவக்கூடிய இவ்வகை உயிரிகளுக்கு சைக்கோபயோட்டிக் என்றே ஒரு பெயர் வந்தது. மனநல்லுயிரி எனலாம். ஆனால் எலிக்குப் பலித்த அதே பற்றீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தேதும் இல்லாத போலி மருந்தைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. வேறு இனங்களைக் கொண்டு செய்த சில ஆய்வுகளில் சிறு பயன் தெரிந்திருக்கிறது. பக்கற்றில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் இனம் வேறு, அதன் வேலையும் வேறு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள், "அப்ப இதைக் குடிக்கிறதா விடுறதா?" என்றாள்.

"டொக்டரிட்டக் கேட்டுக் குடி. பயத்தை என்னோட கதை."